பெரட்டு இல்லாத வேலை: தன்னார்வ மென்பொருளில் எது முதலில் என்று யார் சொல்வது?

என் பாட்டி மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் பால் வெட்டிய காலத்தில் தோட்டத்து நாள் பெரட்டில்தான் தொடங்கும். இருட்டு விலகுமுன் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை, யார் களையெடுக்கப் போவது, யார் ஸ்டோருக்குப் போவது என்று சொல்லிவிடுவார். எந்த வேலை முக்கியம் என்ற கேள்வி அந்த வரிசையில் நின்றவர்களிடம் வந்ததே இல்லை. முடிவு துரையுடையது, குரல் கங்காணியுடையது. அந்தக் குரலுக்குப் பின்னால் கூலி இருந்தது.

அதே சுங்கை சிப்புட்டில் இப்போது சனிக்கிழமை மாலைகளில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்மேசையில் ஆறு பேர் உட்காருகிறோம். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஒருவர் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற ஐயா. ஒரு தம்பி தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள். அப்புறம் நான். தமிழ் எழுத்துப் பிழைதிருத்தி ஒன்றுக்கான சொற்பட்டியலையும் இலக்கண விதிகளையும் பராமரிக்கிறோம். திறந்த மூல மென்பொருள்: நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொண்டு போகலாம். சம்பளம் யாருக்கும் இல்லை. தே தாரிக் என்ற இழுத்த தேநீரின் செலவுகூட அவரவர் பணம்.

வாரம் தவறாமல் ஒரே கேள்வி மேசைக்கு வரும். அடுத்து எதைச் செய்வது? பெரட்டு இல்லாத இடத்தில் இதற்கு எப்படிப் பதில் கிடைக்கிறது என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். எங்களுடையது சின்னக் குழு. ஆனால் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து செய்யும் பெரிய திட்டங்களும் இதே கேள்வியோடு பல ஆண்டுகள் போராடியிருக்கின்றன. அவை கண்டுபிடித்த வழிகளை அறிந்துகொண்டது எங்களுக்கு மிகவும் உதவியது.

1993இல் தொடங்கிய டெபியன், லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தைச் சுற்றி எழுந்த மிகப் பெரிய தன்னார்வத் திட்டங்களில் ஒன்று. 1998இல் அவர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்புச் சட்டம் எழுதி ஏற்றுக்கொண்டார்கள். அதன் தொடக்கத்திலேயே ஒரு விதி இருக்கிறது. இந்தச் சட்டத்தின் பெயரால் யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது. ஒப்படைக்கப்பட்ட வேலையைச் செய்ய விருப்பமில்லை என்றால் ஒருவர் செய்யாமல் இருக்கலாம். ஆனால் கூட்டாக எடுத்த முடிவைக் கெடுக்கும்படி வேலை செய்யக்கூடாது. இதை முதலில் படித்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. யாரையும் எதுவும் செய்யச் சொல்ல முடியாது என்றால் எதற்குச் சட்டம்?

யோசிக்க யோசிக்க, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நினைவுக்கு வந்தது. கோயில் கமிட்டி என்ன செய்கிறது? கொடியேற்றம் எந்த நாள், தீமிதி எந்த நாள் என்று குறிக்கிறது. எது இல்லாமல் திருவிழா நடக்காது என்று சொல்கிறது. உபயப் பட்டியலைத் திறந்து வைக்கிறது. எந்த உபயத்தை யார் எடுப்பது என்பது அந்தந்தக் குடும்பத்தின் விருப்பம். நீதான் மூன்றாம் நாள் அன்னதானம் போட வேண்டும் என்று யாரும் உத்தரவிட முடியாது. அப்படி உத்தரவிட்டால் அது உபயமாக இருக்காது.

தன்னார்வத் திட்டத்தில் முன்னுரிமை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஒருவருடைய சனிக்கிழமையை இன்னொருவர் ஒதுக்க முடியாது. ஆனால் வெளியீட்டு நாளை எல்லாரும் சேர்ந்து குறிக்கலாம். எது சரியாகாமல் வெளியிடுவதில்லை என்று முடிவு செய்யலாம். எதைச் செய்யப்போவதில்லை என்றும் சொல்லலாம். இந்த மூன்றும் உறுதியாக இருந்தால் மீதி வேலைகளில் பெரும்பாலானவை விருப்பத்தின் வழியே நடந்துவிடும்.

நாள் குறிப்பதன் பலத்தை டெபியனே பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அவர்களுடைய 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்த பதிப்பான 3.1 வர 2005 ஜூன் ஆகிவிட்டது. ஏறத்தாழ மூன்று வருடம். எல்லாம் சரியான பிறகுதான் வெளியீடு என்று காத்திருந்தால் ஒவ்வொருவரும் தன் பகுதியில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள், ஒரு பக்கம் சரியாகும்போது இன்னொரு பக்கம் பழுதாகும். 2009இல் அவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றங்களை நிறுத்தி வைத்து வெளியீட்டுக்குத் தயாராவது என்று முடிவெடுத்தார்கள். 2011, 2013, 2015, 2017, 2019, 2021, 2023, 2025 என்று அதற்குப் பின் வந்த பதிப்புகளின் ஆண்டுகளைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். லினக்ஸுக்கான திரைமுகப்பை உருவாக்கும் குனோம் திட்டம் இன்னும் முன்பே, 2002 முதல், ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்ற வழக்கத்துக்கு வந்துவிட்டது. நாள் தெரிந்தால் என் வேலை இந்த வண்டியில் ஏறுமா, அடுத்த வண்டியா என்பதை நானே பார்த்துக்கொள்வேன். யாரும் என்னிடம் வந்து அவசரப்படுத்த வேண்டியதில்லை.

டெபியனின் இன்னொரு வழி எனக்கு அதைவிடப் பிடிக்கும். ஒரு பிழை, வெளியீட்டையே தடுக்கும் அளவுக்குக் கடுமையானது என்று குறிக்கப்பட்டால், அந்தப் பிழை இருக்கும் மென்பொருள் தொகுப்பு சில வாரங்களில் அடுத்த பதிப்புக்கான பட்டியலிலிருந்து தானாகவே நீக்கப்படும். அதைப் பராமரிப்பவரைத் திட்டுவதில்லை, கட்டாயப்படுத்துவதில்லை. திருத்தினால் அது திரும்ப உள்ளே வரும். திருத்தாவிட்டால் திருவிழா அது இல்லாமல் நடக்கும். அந்தத் தொகுப்பை நம்பியிருக்கும் வேறொருவர், என் வேலையும் சேர்ந்து வெளியே போகிறதே என்று தானே முன்வந்து திருத்துவதும் உண்டு. உத்தரவு இல்லாமலே வேலை நகர இப்படி ஓர் ஏற்பாடு போதுமானதாக இருக்கிறது.

லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலில் இதற்கு இன்னும் எளிமையான வடிவம். நேற்றுவரை வேலை செய்த ஒரு பயனர் நிரல் இன்றைய மாற்றத்தால் பழுதாகக் கூடாது என்பதில் அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பல வருடங்களாகப் பிடிவாதமாக இருக்கிறார். ஒரு புதிய வசதி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த விதியை மீறினால் அது பின்வாங்கப்படும். இப்படி ஒரு விதியில் எல்லாரும் உறுதியாக நின்றுவிட்டால் நூறு சின்னச் சண்டைகள் தொடங்குவதே இல்லை.

சரி, திட்டம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற பெரிய கேள்வி? அங்கே, குனோம் போலவே திரைமுகப்பை உருவாக்கும் கே.டி.இ. சமூகத்தைப் பார்க்க வேண்டும். 2017 முதல் அவர்கள் சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்று இலக்குகளை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம், ஆனால் முன்மொழிபவர் அதை முன்னின்று நடத்தவும் தயாராக இருக்க வேண்டும். அவர் மற்றவர்களுக்கு மேலதிகாரி ஆகிவிடுவதில்லை. வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து வைப்பார், கூட்டம் கூட்டுவார், என்ன முடிந்தது என்று எல்லாருக்கும் சொல்வார். 2019இல் தேர்ந்தெடுத்த இலக்குகளில் ஒன்று, திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறையிலிருந்து வேலண்ட் என்ற புதிய முறைக்கு மாறுவது. 2024 பிப்ரவரியில் அவர்களுடைய திரைமுகப்பான பிளாஸ்மா 6 வெளியானபோதுதான் வேலண்ட் அதன் இயல்பான தேர்வானது. வாக்கெடுத்து நாலு வருடத்துக்கும் மேல். இலக்கு என்று அறிவித்த மறுமாதமே பலன் கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு சரிவராது. எங்கள் குழுவில் ஒருமுறை கை தூக்கச் சொல்லிப் பார்த்தோம், நாலுக்கு இரண்டு. தோற்ற இரண்டு பேருக்குத்தான் அந்த வேலை தெரியும். வென்ற நாலு பேர் என்ன செய்வது? இணையத்தின் தொழில்நுட்ப நெறிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் கூட்டத்தின் போக்கை அறிய முனகச் சொல்லும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆதரிப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒலியெழுப்ப வேண்டும், அடுத்து எதிர்ப்பவர்கள். தலைகளை எண்ணுவது அங்கே நோக்கமில்லை. எதிர்ப்பு என்று ஒன்று இருந்தால் அதன் காரணத்தைக் கேட்டுப் பதில் சொல்லியாக வேண்டும். எதிர்த்தவரைத் திருப்திப்படுத்தியே தீர வேண்டும் என்றில்லை. அந்த வித்தியாசம் எங்களுக்கு ரொம்ப உதவியது. எதிர்ப்பவர் சொல்வதைக் கேட்டு, பதில் சொல்லி, அப்புறம் நகர்கிறோம்.

இந்த ஊர்க்காரனுக்கு இயல்பாகவே இன்னொரு ஒப்பீடும் வரும். இதே ஊரில் பிறந்த மலேசிய இந்தியர் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலம். பால் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கின. அங்கே முன்னுரிமை என்ன என்று யாரும் விவாதிக்க வேண்டியிருக்கவில்லை; ஆபத்து எல்லார் வாசலிலும் ஒன்றாக நின்றது. மென்பொருளில் அப்படி வருவது அபூர்வம். ஆசிரியைக்கு வலிக்கும் இடம் வேறு, மாணவனுக்கு வலிக்கும் இடம் வேறு. பொதுவான முன்னுரிமையைத் தேடிப் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் மேசையில் நடந்த பேச்சையே சொல்கிறேன். ஆசிரியைக்கு வேண்டியது மலேசியத் தமிழ்ச் சொற்கள். ரிங்கிட், தாமான், கம்போங், செம்பனை, பெரட்டு என்று எழுதினால் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடுகிறது. பிள்ளைகள், நாங்கள் வீட்டில் பேசுவது தவறா டீச்சர் என்று கேட்கிறார்களாம். அவர் அதைச் சொன்னபோது மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தம்பிக்கு வேண்டியது விதிகள். நாங்கள் பயன்படுத்தும் ஹன்ஸ்பெல் என்ற நிரல் ஹங்கேரிய மொழிக்காக உருவாகி, லிப்ரெஆபிஸ் அலுவலக மென்பொருள், பயர்பாக்ஸ் உலாவி எல்லாவற்றிலும் பிழைதிருத்தியாக இருக்கிறது. ஒரு சொல்லின் கடைசியில் ஒட்டிய விகுதிகளை இரண்டு அடுக்குவரை அது உரித்துப் பார்க்கும். தமிழுக்கு இரண்டு அடுக்கு எப்படிப் போதும்? 'வீட்டுக்காரர்களிடமிருந்துதான்' என்ற ஒரே சொல்லில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பல ஒட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே விகுதியாகக் கொடுக்கும் வேலையைக் கவனமாகச் செய்தால், ஒரே விதி ஆயிரக்கணக்கான சொற்களைச் சிவப்புக் கோட்டிலிருந்து காப்பாற்றும். பலனை மட்டும் பார்த்தால் தம்பி சொல்வதுதான் முதலில் வர வேண்டும்.

ஆனால் விதி எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அதுவும் ஷிப்ட் இல்லாத வாரங்களில். சொல் சேர்க்க எல்லாருக்கும் முடியும். ஐயா ஒரே மாலையில் தோட்டத்துச் சொற்கள் நூற்றுக்குமேல் எழுதிக் கொடுத்தார். ஒட்டுப்பால், கோட்டுப்பால், லயம், தீம்பார் என்று பேனா நிற்கவே இல்லை. எல்லாரும் விதிகளில் கவனம் செலுத்துவோம் என்று நாங்கள் தீர்மானம் போட்டிருந்தால் ஐயாவும் மாணவர்களும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், சில வாரத்தில் வராமலும் போயிருப்பார்கள். அந்த அளவு உழைப்பு விதிப் பக்கம் போயிருக்காது, காணாமல்தான் போயிருக்கும். சம்பளம் கொடுக்கும் கம்பெனியிலிருந்து வரும் நண்பர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினம். எந்த வேலைக்குப் பலன் அதிகம் என்பதோடு, அதைச் செய்யும் கை யாருடையது, அந்தக் கை வேறு வேலைக்கு வருமா என்பதையும் சேர்த்துத்தான் இங்கே வரிசை போட முடியும்.

அதனால் இரண்டையும் வைத்துக்கொண்டு, விதி வேலைக்கான வழியை அகலமாக்க முயன்றோம். தம்பி புதிய விதி எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்தி, ஒரு விதியை எப்படி எழுதிச் சோதிப்பது என்று தமிழிலேயே இரண்டு பக்கக் குறிப்பு எழுதினான். ஒரு மாணவி அதைப் படித்து நாலாம் வேற்றுமைக்கான விதிகளைச் சரிசெய்தார். திட்டம் ஒரு வேலையை உண்மையிலேயே முக்கியம் என்று நினைத்தால், அதைச் செய்யச் சொல்லிக் கெஞ்சுவதைவிட, செய்ய வருபவருக்கு அதை எளிதாக்கித் தருவது பல மடங்கு பலன் தருகிறது. கே.டி.இ. இலக்குகளை முன்னின்று நடத்துபவர்கள் செய்வதும் பெரும்பாலும் இதையேதான்.

வேண்டாம் என்று சொல்வதற்கும் பழக வேண்டியிருந்தது. கணக்குத் தாளில் ஒரு லட்சம் 1,00,000 என்று இந்திய முறையில் வருகிறதே, நமக்கு 100,000 என்று வர வேண்டும், திருத்திக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கோரிக்கை. ஆனால் எண், தேதி, நாணயம் போன்ற வட்டார வழக்குகள், கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யூனிகோடை வகுக்கும் கூட்டமைப்பு பராமரிக்கும் சி.எல்.டி.ஆர். தரவுத் தொகுப்பில் இருக்கின்றன. மலேசியத் தமிழுக்கென்றே அதில் தனிப் பதிவு உண்டு. அவர் தன் கணினியில் மொழி அமைப்பை இந்தியத் தமிழிலிருந்து மாற்றிப் பார்க்க வேண்டும் என்று விளக்கி, இது எங்கள் வேலைக்குள் வராது என்று எழுதி வைத்தோம். பைத்தான் என்ற நிரல்மொழியின் சமூகம் அதன் பழைய பதிப்பான பைத்தான் 2இன் ஆதரவை 2015இல் நிறுத்துவதாக முதலில் சொல்லி, பின்னர் 2020 ஜனவரி 1 வரை நீட்டித்து, அதோடு முடித்துக்கொண்டது. அத்தனை பேர் பயன்படுத்திய ஒன்றையே நாள் சொல்லி நிறுத்த முடிந்திருக்கிறது. பதில் சொல்லாமல் வருடக்கணக்கில் காக்க வைப்பதைவிட முடியாது என்று சொல்வது கேட்டவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் நம்புகிறேன்.

பணம் கொடுத்தால் பிரச்சினை தீருமா என்று பலர் கேட்பார்கள். ஓரளவுக்குத் தீரும், ஆனால் கவனம் தேவை. 2006இல் டெபியனின் அடுத்த பதிப்பை டிசம்பருக்குள் கொண்டுவர, வெளியீட்டுப் பொறுப்பாளர்கள் இருவருக்குப் பணம் கொடுக்கும் முயற்சி நடந்தது. சம்பளம் இல்லாமல் அதே அளவு உழைத்த மற்றவர்களில் சிலர் மனம் நொந்தார்கள். பதிப்பு 2007 ஏப்ரலில்தான் வந்தது. திருவிழாவில் ஒரே ஒரு உபயக்காரருக்கு மட்டும் கூலி கொடுத்தால் மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தால் அந்த மனவருத்தம் புரியும்.

ஆனால் பணமும் ஆளும் கட்டாயம் தேவைப்படும் ஒரு வேலை இருக்கிறது. யாரும் உபயம் எடுக்காத வேலை அது. திருவிழா முடிந்த மறுநாள் களம் கூட்டுவது போல, மென்பொருளில் பழைய நிரலைப் பராமரிப்பது, பாதுகாப்பைச் சோதிப்பது, வந்து குவியும் பிழைப் புகார்களைப் பிரித்து வைப்பது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. இணையத்தில் பெரும்பகுதியின் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் அது இரண்டு வருடமாக இருந்திருக்கிறது. அந்தத் திட்டத்துக்கு அப்போது வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரலில் திட்டமிட்டு ஒரு பின்கதவு வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. தனியாகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்தவரைச் சிலர் ஏன் இவ்வளவு தாமதம் என்று தொடர்ந்து நெருக்கியிருக்கிறார்கள். உதவ வந்ததுபோல் வந்த ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கை பெற்று உள்ளே நுழைந்திருக்கிறார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால்தான் பெரிய ஆபத்து விலகியது.

ரப்பர் மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவதுதான் வழக்கம். ஓய்வில்லாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். ஐயாவுக்கு எக்ஸ்இசட் கதையைச் சொன்னபோது அவர் உடனே சொன்னது இதைத்தான். அன்று முதல் எங்கள் வேலைப் பட்டியலில் ஒரு புதிய கட்டம் வந்தது: இந்த வேலையைத் தெரிந்தவர் ஒரே ஒருவரா? ஆம் என்றால் அந்த வேலை தானாக மேலே ஏறும். இரண்டாவது ஆளைத் தயார் செய்வதே அங்கே முதல் வேலை.

அப்படி மேலே ஏறிய ஒன்று 'ஸ்ரீ'. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். பழைய வழக்கப்படி 'ஸ'வைக் கொண்டு ஒன்று, 2005இல் 'ஶ' சேர்க்கப்பட்ட பிறகு அதைக் கொண்டு இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். கோயில் நோட்டீஸ் தட்டச்சு செய்யும்போது ஒரே 'ஸ்ரீ மகா மாரியம்மன்' ஒரு வரியில் சரியாகவும் அடுத்த வரியில் சிவப்புக் கோட்டோடும் நிற்பதற்குக் காரணம் இதுதான். விதிக் கோப்பில் ஓரிரு வரிகள் எழுதினால் ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் படிக்கச் செய்யலாம். ஆனாலும் மாதக்கணக்கில் அதன் பக்கத்தில் பெயர் இல்லை. தம்பிக்கு நேரமில்லை, மற்றவர்களுக்கு விதிக் கோப்பைத் தொடப் பயம்.

பள்ளி தொடங்குமுன் அடுத்த பதிப்பு என்று நாள் குறித்தோம். வீட்டில் பேசும் சொல்லுக்குச் சிவப்புக் கோடு வரக்கூடாது என்பதே இந்தப் பதிப்பைத் தடுக்கும் பிழை. ஆசிரியை கொடுத்த சொற்களில் ஒன்று விட்டுப்போனாலும் வெளியிட மாட்டோம். 'ஸ்ரீ' அந்தத் தடுக்கும் பட்டியலில் இல்லை, யாராவது எடுத்தால் ஏறும். போன சனிக்கிழமை பட்டியல் மேசையைச் சுற்றி வந்தபோது ஐயா பேனாவை வாங்கி அதன் பக்கத்தில் தன் பெயரை எழுதினார். கோயில் நோட்டீஸ் அடிப்பது நான்தானே, இது என் தொல்லைதானே என்றார். விதிக் கோப்பை அவர் இதுவரை திறந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். இந்த வாரம் அவனுக்கு இரவு ஷிப்ட், அதனால் அடுத்த சனிக்கிழமை.